பின்னால் தெரியாத வண்டி

1
இந்தக் கதை, பக்கத்து வீட்டுக் கெம்பையன் தப்பாகச் சொன்ன ஒரு சொல்லிலிருந்து வந்தது. அதைச் சொல்வதற்குள் ஒரு வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

2
தொடக்கம்: 1999, மைசூர். காலையிலிருந்து மழை— (மழை இல்லை. விட்டுவிடுகிறேன்.)

மறுபடியும்: என் மனைவி ஹில்டா காய்ச்சலில் இறந்துவிட்டாள். குழந்தை லிசாவைக் கொள்ளேகாலுக்குக் கொண்டுபோய் வளர்க்க மாமனார் ஸ்டானிஸ்லாஸ் வந்தார். கட்டிலும் அடுப்பும் பொருத்திய வேன். பின்கண்ணாடியை அலமாரி மறைத்திருந்தது. அவர் கழுத்தும் திரும்பாது. மஸ்கட்டிலிருந்து மகன் அனுப்பிய கம்பியில்லாக் கேமராவை நம்பித்தான் ரிவர்ஸ் எடுப்பார். எங்கள் முட்டுச்சந்துக்குள் வந்ததும் படம் நின்றுபோனது. ரிவர்ஸ் எடுத்தால்தான் வெளியே போக முடியும்.

(அவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. லிசாவுக்கு அழாமல் தலைவாரத் தெரிந்தவர் அவர்தான்.)

3
"மாப்ளே, வெறும் புள்ளியாத் தெரியுதுங்க. எலக்ட்ரானிக்ஸ் படிச்சது இதுக்குக்கூட ஆவாதுங்களா?"

"பாக்கறேன் மாமா."

"நான் நின்னு 'பர்லி பர்லி', வரட்டும் வரட்டும்னு கை காட்டறேன், வாங்க சார்," என்றார் கெம்பையன்.

"போன வாட்டி உன் பர்லியிலதான்யா பால்காரன் சைக்கிள் நசுங்குச்சு," என்றார் மாமா.

கெம்பையன் சிரித்தார். பிறகு என் வீட்டைப் பார்த்துச் சொன்னார்: "பின்னால இந்த வீடு எவ்வளவு கலகலன்னு இருந்துது."

(கன்னடத்தில் 'ஹிந்தெ' என்றால் முதுகுப்பக்கம், கடந்துபோனதும் அதுதான். தமிழில் காலத்துக்குச் சொன்னால் 'பின்னால்' என்பது இனி வரப்போவது. அவர் கன்னடத்தை அப்படியே தமிழாக்கிவிட்டார். நான் திருத்தவில்லை.)

4
ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. கேமராவுக்கு மின்சாரம் அதிலிருந்துதான். வயர் சரி, ஏரியல் சரி. கடைசியில் பார்த்தேன்: திரை ஒன்றாம் சேனலில், கேமரா இரண்டில். குழியில் குலுங்கிக் கேமராவின் சேனல் சுவிட்ச் நகர்ந்திருக்கும். நகத்தால் தள்ளினால் போதும்.

5
முடிவு அ: தள்ளுகிறேன். படம் வருகிறது. லிசா கை— (எழுத வரவில்லை.)

முடிவு ஆ: தள்ளவில்லை. நாளை வேறொரு மெக்கானிக் வந்து தள்ளுவான்.

முடிவு இ: "குழந்தை இங்கேயே இருக்கட்டும் மாமா" என்கிறேன். "யாருங்க பாத்துக்குவா?" என்கிறார். இதற்கு அடுத்த வசனம் என்னுடையது. பல தடவை எழுதிப் பார்த்தேன். என்னிடம் இல்லை.

6
வண்டிக்குப் பின்னால் குனிந்திருக்கிறேன். நகம் சுவிட்சின் மேல் இருக்கிறது. முன்சீட்டில் தாத்தாவின் மடியில் லிசா புள்ளிகளைப் பார்த்துக் கைதட்டுகிறாள்.

"மாப்ளே, வருமா வராதா? ஒண்ணு சொல்லுங்க."

அவருக்கு நீங்கள் சொல்லுங்கள். நான் எழுதினால் அது நடந்துவிடும்.