திரும்பி வந்த இருபத்தெட்டுத் தோல்கள்

எங்கள் தோல் மண்டியிலிருந்து போன சரக்கு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. என் தகப்பனார் காலத்திலும் இல்லை; என் காலத்தில் ஒரே ஒரு தடவை. அதைப் பற்றி மற்றவர்கள் ஒன்றும் பேசியதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

பச்சைத் தோலைப் பதனிடும் ஆலைக்கு ஏற்றதாக ஆக்கிக் கொடுப்பது எங்கள் தொழில். அறுப்புக்கூடத்திலிருந்து வருகிற தோலைச் சிமெண்டுத் தரையில் விரித்து, முதலில் உடம்புச் சூடு ஆறவிட வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் சதையையும் கொழுப்பையும் கத்தியால் வழிக்க வேண்டும். பிறகு கல்லுப்பு. கழுத்து மடிப்பிலும் கால் ஓரங்களிலும் விரலால் தேய்த்து ஏற்ற வேண்டும். மறுநாள் நீர்விட்ட உப்பை உதறிவிட்டுப் புது உப்பு. உப்பு ஏறாத இடத்தில் தோல் அழுகும். மயிர் கொத்தாகக் கையோடு வரும். அப்படிப்பட்ட தோலில் ஒரு செருப்பு வார்கூடத் தேறாது.

கடைசி வேலை என்னுடையது. ஒவ்வொரு தோலையும் தூக்கி முகர்ந்து பார்த்து “ஏத்து” என்று நான் சொன்னால்தான் லாரியில் ஏறும். “பெரியவர் மோந்து பாத்தா செத்த ஆடும் எந்திரிச்சு நின்னு வணக்கம் வைக்கும்” என்பான் சுமை தூக்கும் மொட்டை. நான் சிரித்ததில்லை. உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தச் சரக்கு திரும்பி வந்தபோது என் மூக்கு செத்துப்போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரு காய்ச்சலில் போன வாசனை திரும்பவே இல்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. குனிந்தேன், முகர்வதுபோல் நின்றேன், “ஏத்து” என்றேன். ஒரு புகாரும் வரவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் கண்ணே மூக்காகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. என் தம்பி பக்கத்தில் நின்று, தோலை என் கையில் கொடுக்குமுன் வயிற்றுப் பக்கத்து மயிரைச் சுண்டி இழுத்துப் பார்ப்பான். கழன்று வந்தால் அந்தத் தோலைப் பின்னால் தள்ளிவிட்டு அடுத்ததை நீட்டுவான். அவன் கை துறுதுறுவென்று இருப்பதாக நான் எரிந்து விழுந்ததும் உண்டு.

அவன் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மூன்று நாள் அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். அந்த நாட்களில் வந்த ஒரு லோடு, சூடு ஆறாமலே மடித்து அடுக்கப்பட்டிருந்தது. நடுவில் இருந்தவை அந்தச் சூட்டில் வெந்து கெட்டுவிட்டன. நான் வழக்கம்போல் குனிந்தேன். வழக்கம்போல் “ஏத்து” என்றேன்.

இருபத்தெட்டுத் தோல்கள் திரும்பி வந்தன. ஆலை மேனேஜரே கூட வந்தார். உப்புக் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு தோலை எடுத்து உதறினார். மயிர் தரையில் கொட்டியது.

“யாருங்க இதைப் பாத்து அனுப்புனது?”

நான் வாயைத் திறந்தேன். குனிந்து, கொட்டிக் கிடந்த மயிரைப் பார்த்தேன். முந்தின நாள்தான் வேலைக்குத் திரும்பியிருந்த தம்பி, கையில் இருந்த உப்பைத் தட்டிவிட்டு முன்னால் வந்தான்.

“நான்தாங்க. கொஞ்சம் அசந்துட்டேன்.”

“அசந்துட்டீங்களா? இது என்ன, தூங்குற எடமா?” என்றார் மேனேஜர். என் பக்கம் திரும்பினார். “பெரியவரே, உங்க மொகத்துக்காக இந்த ஒரு தடவை விடறேன். இனிமே இவர் கை பட்ட சரக்கு எனக்கு வேணாம்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “இனி இவன் இந்தக் கூடத்துல கால் வைக்கமாட்டான்” என்றுதான் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

தம்பி ஒரு ஐஸ் கம்பெனியில் காவலுக்குப் போனான். எனக்கு வயதாகிவிட்டது என்று காரணம் சொல்லி, முகர்ந்து பார்க்கும் வேலைக்கு மருமகனை வைத்தேன். ஒரு முறை தம்பி வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடலாம் என்று. அவன் என்னைப் பேசவே விடவில்லை. “விடுங்கண்ணே. மண்டி நடக்குதுல்ல, அது போதும்” என்றான். அந்தச் சொல்லைச் சாக்காக வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். ஐந்தாம் வருடம் நெஞ்சு வலியில் இறந்துபோனான்.

அவன் போய் ஒரு மாதம் கழித்து அவன் மனைவி மண்டிக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றாள்.

“மாமா, எனக்கு ஒண்ணும் வேணாம். அவர் அசந்துபோற ஆளு இல்லன்னு இங்க வேலை பாக்குறவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது போதும்.”

எல்லோரையும் கூப்பிட்டேன். கத்தியும் கையுமாக வந்து நின்றார்கள். மூக்கு போனதைச் சொன்னேன். அந்த லோடைப் பார்த்தவன் நானே என்பதையும், தம்பி அன்று ஊசி முனையளவும் தப்புச் செய்யவில்லை என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் கூடமே அதிர்ந்துபோகும் என்று எதிர்பார்த்தேன்.

ஒருவரும் அசையவில்லை. மொட்டைதான் தலையைச் சொறிந்தான்.

“அது தெரியுங்களே பெரியவரே.”

“என்ன தெரியும்?”

“எல்லாந்தான். அந்த மூணு நாளும் சின்னவர் ஆஸ்பத்திரியிலதானே இருந்தாரு? நான்தானே சோறு கொண்டுபோனேன். உங்களுக்கு மூக்கு வேலை செய்யலன்னும் தெரியும். ஒரு தடவை உங்க காலடியில எலி செத்து நாறுச்சு, நீங்க உக்காந்து காப்பி குடிச்சிட்டிருந்தீங்க.”

யாரும் சிரிக்கவில்லை.

“அப்புறம் ஏன்டா அன்னைக்கு வாயைத் திறக்கல?”

“உங்க மரியாதை போயிடுமேன்னுதாங்க.”

தம்பி மனைவி மெல்ல ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“எல்லாருக்கும் தெரியுமா?” என்று கேட்டாள். “ஐஸ் கம்பெனிக்கு இந்த வழியா வந்தா கிட்ட. ஆனா அஞ்சு வருசமா பின்தெரு சுத்தித்தான் வேலைக்குப் போனாரு. கூட வேலை பாத்தவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்னு சொல்லுவாரு. ஒருத்தர், ஒரே ஒருத்தர், எங்களுக்குத் தெரியும்ணேன்னு அவர்கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

மொட்டை தலையைக் குனிந்துகொண்டான். பதில் சொல்ல வேண்டியவன் அவன் இல்லை. உட்காரம்மா என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள்.