வெளி மாநிலத்துப் பிள்ளை

என் அக்காவுக்கு ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை. ஒரே ஒரு நிறுத்தம் கூடுதலாகப் போனவரிடம்கூட அபராதம் வாங்காமல் விடமாட்டாள். “பாவம், தூங்கிட்டாரு போல” என்று பக்கத்து இருக்கையில் யாராவது பரிந்து பேசினால், “தூங்கினா டிக்கெட் நீளுமா?” என்பாள். நடந்த அத்தனைக்கும் அவளுடைய இந்தக் குணம்தான் காரணம் என்பது என் கட்சி. அவள் காதில் விழுந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஆக்கட்டும்.

அக்கா மகளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். பேர் வைத்தவள் நான். அத்தான் விவாகரத்து வாங்கிக்கொண்டு போனபிறகு அக்கா, வாலு, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நான், மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். வாலுவுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். விளையாட்டுக்குச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் தெரு மிருக வைத்தியரிடம் போய்ப் பூனைகளைப் பிடித்துக்கொடுப்பாள். கையெல்லாம் கீறலோடு சிரித்துக்கொண்டு வருவாள்.

எங்கள் மாநிலத்தில் அந்தப் படிப்பு இல்லை. பக்கத்து மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. ஒரு சாயங்காலம் மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். வெளி மாநிலத்துப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு ஐந்தே இடம். கட்டணமோ உள்ளூர்ப் பிள்ளைகள் கட்டுவதைப்போல மூன்று மடங்கு. எங்கள் இருவர் சம்பளத்தையும் அப்படியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு நாங்கள் காற்றைத்தான் குடிக்க வேண்டும். வாலுவின் மார்க்கும் அப்படித்தான். உள்ளூர்க்காரியாக இருந்தால் தாராளம், வெளியாளுக்குப் பக்கத்தில்கூட வராது.

“சரி விடுங்க, வேற ஏதாவது படிக்கிறேன்” என்றாள் வாலு. அவள் குரல் உடைந்ததை அக்கா கேட்டாள். பல்கலைக்கழகத்தின் விதிகளை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. படிப்பில் சேருவதற்கு முந்தைய ஒரு வருஷம் அப்பாவோடோ அம்மாவோடோ அந்த மாநிலத்தில் வசித்திருந்தால் உள்ளூர்ப் பிள்ளை.

மாஜி அத்தான் அங்கேதான் இருந்தார், புது மனைவியோடும் கைக்குழந்தையோடும். பிரிந்த நாளிலிருந்து அவர் பேச்சை எடுக்காத அக்கா, அன்றைக்கே போன் போட்டாள். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தில் மனுஷனைக் குறை சொல்ல மாட்டேன்.

கடைசிப் பள்ளி வருஷத்துக்கு வாலு அங்கே போனாள். போகும்போது, “லீவு விட்டா வந்துடுவேன்” என்றாள்.

“வரக்கூடாது” என்றாள் அக்கா. “அந்த ஒரு வருஷத்துல ஒரு ராத்திரி இங்க தங்கினேன்னு தெரிஞ்சாலும் மொத்தமும் போச்சு.”

“யாரு வந்து பாக்கப் போறாங்க அக்கா?” என்றேன்.

“அபராதம் கட்றவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க.”

பல்கலைக்கழகத்துக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாமே என்றும் சொன்னேன். கேட்கப் போய் அவர்களுக்குச் சந்தேகம் வந்து நோண்ட ஆரம்பித்தால் என்ன செய்வது என்று என் வாயை அடைத்துவிட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

அக்கா போய்ப் பார்த்திருக்கலாம். அந்த வீட்டு வாசலை மிதிக்க அவளுக்கு ரோஷம். நாளைக்குக் காலேஜ் விடுதிச் செலவுக்கு ஆகும் என்று வார விடுமுறையிலும் வேலைக்குப் போனாள். தினமும் போனில் பேசுவாள். சாப்பிட்டாயா, படித்தாயா, அவ்வளவுதான். வைத்தபிறகு வாலுவின் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் வாலு சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்துவிட்டாள். காய்ச்சல். அங்கே குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று எல்லோரும் தள்ளியே நின்றார்களாம். பிளாட்பாரத்தில் வேலையிலிருந்த அக்காவைக் கட்டிக்கொண்டு, “ரெண்டு நாள் மட்டும்மா” என்று அழுதிருக்கிறாள். அக்கா எனக்குப் போன் செய்து மாத்திரை வாங்கிவரச் சொன்னாள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வாலு திரும்பிப் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நெற்றி கொதித்தது.

“நீ மனுஷிதானா?” என்று அக்காவைக் கேட்டேன்.

“இன்னும் நாலு மாசம்தான்டி. இப்ப விட்டா அவ படிப்பு போயிடும்” என்றாள். ரயில் நகர்ந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாலு அதைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வரட்டுமா என்று கேட்கவும் இல்லை.

இடம் கிடைத்தது. உள்ளூர்ப் பிள்ளைதானா என்று விசாரிக்கப் பெற்றோரோடு வரச் சொன்னார்கள். அக்காவுக்குத் துணையாக நானும் போனேன். வாலு உயரமாகிவிட்டிருந்தாள். சளி பிடித்த ஒரு அதிகாரியம்மா பள்ளிச் சான்றிதழையும் மாஜி அத்தானின் முகவரியையும் பார்த்துவிட்டு, சரி என்று முத்திரையைக் குத்தினார். வந்த வேலை அதோடு முடிந்தது. அக்காதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“இந்த ஒரு வருஷத்துல ஒரு நாள்கூட என் வீட்ல தங்கலை மேடம். வேணும்னா விசாரிச்சுக்கோங்க.”

அதிகாரியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “ஏம்மா? உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?”

“இல்ல, விதி அப்படின்னு...”

“லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போறதை யாரும்மா கேக்கப்போறா? எல்லாப் பிள்ளைங்களும் போயிட்டுத்தான் வரும். ஸ்கூலும் வீடும் இங்க இருந்தா போதும்.”

பாவம், அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா எழுந்திருக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். மாஜி அத்தான் வண்டி எடுக்கப் போய்விட்டார்.

“காலேஜ் திறக்க இன்னும் நாள் இருக்கே. வீட்டுக்கு வா கண்ணு” என்றாள் அக்கா. யாரிடமும் அவள் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

வாலு தரையைப் பார்த்தாள். “பாப்பாவைப் பாத்துக்க ஆளில்லம்மா. நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்.”

“எனக்குத் தெரியாமப் போச்சுடி. தெரிஞ்சிருந்தா...”

“பரவால்லம்மா. எனக்குப் பழகிடுச்சு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். வாலு அக்காவின் தோளில் கலைந்திருந்த புடவையைச் சரிசெய்துவிட்டு, வழியில் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். என்னிடமும் அதையேதான் சொன்னாள்.