இரண்டு லிட்டர் என்று எழுதிய கார்

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு நான் என் சொந்த ஷெட்டில், என் சொந்தக் காருக்குள் சிறைப்பட்டேன். தோல் தைத்த இருக்கை, மர வேலைப்பாடு எல்லாம் உள்ள சிறை. ஆனாலும் சிறைதான்.

கிவாஸோ ஊரில் எங்கள் குடியிருப்பை அறுபதுகளில் கட்டினார்கள். அன்றைக்கு எல்லோரிடமும் இருந்தது சோப்புப் பெட்டி அளவு கார். ஷெட்டுகளையும் அந்த அளவுக்கே கட்டிவிட்டார்கள். என் செடானை வலப்பக்கச் சுவரை உரசுகிற மாதிரி நிறுத்தினால், இடப்பக்கக் கதவைத் திறந்து, வயிற்றை எக்கி, மூச்சை அடக்கி நான் வெளியே வந்துவிடலாம். அன்று வண்டி நட்டநடுவில் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே ஒரு சாண் இடைவெளி. வாழ்க்கையில் நான் எதையும் இவ்வளவு கச்சிதமாக நடுவில் வைத்ததில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. ஷெட்டுக்கு இறங்கும் சரிவுப் பாதைக்கு நேர் மேலே எங்கள் சமையலறை ஜன்னல். அதனால் நான் எப்போதும் மேலேயே வண்டியைத் திருப்பி, எஞ்சினை அணைத்து, பின்பக்கமாகச் சத்தமில்லாமல் உருண்டு ஷெட்டுக்குள் இறங்குவேன். எஞ்சின் ஓடாதபோது ஸ்டியரிங் அம்மிக்கல் மாதிரி கனக்கும். அன்று அவசரத்தில் சரியாக வளைக்கவில்லை. சரி, மறுபடி மேலே ஏற்றலாம் என்று சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். பேட்டரி செத்துவிட்டது. கண்ணாடிகள் மின்சாரத்தில் இறங்குபவை. ஹார்னும் அதே ஜாதி.

சொந்த மனைவிக்குப் பயந்து எதற்கு உருள வேண்டும் என்று கேட்பீர்கள். என் மைத்துனன் எட்ஸியோ வேகமான கார் ஒன்றில், ஒரு வளைவில் போய்ச் சேர்ந்தான். அவன் அடக்கத்தன்று என் மனைவி ஃபியோரென்ஸா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம வீட்டுக்குள்ள அப்படி ஒரு வண்டி வரக்கூடாது" என்றாள். சத்தியம் செய்தேன். நாலு வருஷம் காப்பாற்றினேன். பிறகு இந்த செடானைப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் வங்கி மேலாளர் வைத்திருக்கிற சாம்பல் நிறப் பெட்டி. இதே உடம்பில் சாதாரண எஞ்சின் வைத்து ஆயிரக்கணக்கில் விற்றார்கள். சிலவற்றில் மட்டும், யாருக்கு என்ன கிறுக்கு பிடித்ததோ, மோதேனா ஊர்ப் பக்கத்துப் பந்தயக் கார்களின் எட்டு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டார்கள். என்னுடையது அந்தச் சிலவற்றில் ஒன்று. வாங்கிய அன்றே பின்பக்கப் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய சாமான் கடையில் பொறுக்கிய 'இரண்டு லிட்டர்' எழுத்துகளை ஒட்டினேன். லிட்டர் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஆறு வருஷமாக யாரும் கேட்கவில்லை.

ஒரு மணிக்கு வீட்டில் விருந்து, இறைச்சி அடைத்த அன்யோலோத்தி பாஸ்தாவோடு. மகள் நோயமியைக் கட்டப்போகிறவனின் அப்பா லெயார்கோ பெர்கோன்ஸினி முதல் முறையாக வருகிறார். மோதேனாக்காரர். முப்பது வருஷம் அந்தப் பந்தய எஞ்சின்களின் வார்ப்படச் சாலையில் வேலை பார்த்தவர்.

ஒரு மணி தாண்டியிருக்கும், ஃபியோரென்ஸா ஏப்ரனோடு இறங்கி வந்தாள். பின்னாலேயே தொப்பி வைத்த, கழுத்தே இல்லாத ஒரு மனிதர்.

"செகோந்தோ! சம்பந்தி வந்து கால் மணி நேரமாச்சு, நீ உள்ள உக்காந்து ஜெபம் பண்றியா?"

"கதவு சுவத்துல இடிக்குது. பேட்டரி போச்சு," என்று கண்ணாடிக்குள்ளிருந்து கத்தினேன். "வணக்கம் சம்பந்தி!"

"வணக்கம், வணக்கம்!" லெயார்கோ ஷெட்டை அளவெடுத்தார். "இதுக்குள்ள இதை எப்படிய்யா நுழைச்சீங்க? எண்ணெய் தடவியா? கவலைப்படாதீங்க, என் வண்டியில கேபிள் இருக்கு. பானட்டைத் திறங்க."

நெம்புகோல் என் இடது முட்டியை இடித்துக்கொண்டிருந்தது.

"அது... உடைஞ்சு போச்சு."

"போன வாரம்தான் தண்ணி ஊத்தத் திறந்தே," என்றாள் ஃபியோரென்ஸா.

"கயிறு கட்டி இழுத்துரலாமே, சம்பந்தி?" என்றேன்.

"மேட்டுல இழுக்க என் முதுகு ஒத்துக்காது, என் கார் அதைவிட ஒத்துக்காது. திறங்க சம்பந்தி, வெக்கப்படாதீங்க. அழுக்கா இருந்தா நான் பார்க்காத அழுக்கா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இழுத்தேன்.

பானட் எழுந்து கண்ணாடியை முழுக்க மறைத்தது. இனி எனக்குக் காது மட்டும்தான். லெயார்கோ தொப்பியைக் கழற்றியிருக்க வேண்டும். பிறகு அவர் அதை எங்கே வைத்தோம் என்று தேடியதை வைத்துச் சொல்கிறேன்.

"என்ன சம்பந்தி, பேசாம நிக்கறீங்க? ரொம்ப மோசமா?"

"இல்ல சம்பந்தியம்மா," என்றார் மெதுவாக. "சாதாரண ரெண்டு லிட்டர்தான். நல்லா வச்சிருக்காரு."

அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கதவுதான் திறக்காது.

ஃபியோரென்ஸா பெருமூச்சு விட்டாள். "உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். இது கிளம்பற சத்தமே வேற மாதிரி இருக்கும். எட்ஸியோ வண்டி மாதிரி. சைலன்சர் ஓட்டைன்னு இவன் சொல்வான். நான் படுத்துக்கிட்டு என்னையே திட்டிக்குவேன், இப்படிப்பட்ட புருஷனைச் சந்தேகப்படறியேடின்னு."

லெயார்கோ இருமினார். கேபிளின் பற்கள் எதன்மேலோ பட்டுக் கிணுங்கின.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மூன்று நிமிடத்தில் வெளியே வந்திருப்பேன்.

"ஃபியோரென்ஸா," என்றேன். கேட்கவில்லை. உரக்கச் சொன்னேன். "அது ரெண்டு லிட்டர் இல்ல. சம்பந்தி எனக்காகப் பொய் சொல்றாரு. எட்டு சிலிண்டர். பந்தய எஞ்சின். உன் சந்தேகம் சரி."

செருப்புச் சத்தம் இரண்டடி வந்து நின்றது. பானட் மடார் என்று இறங்கியது. அவள் முகம் தெரிந்தது. பானட் இறங்காமலே இருந்திருக்கலாம்.

"எவ்வளவு வேகம் போயிருக்கே?"

"ஒரே ஒரு தடவை... இருநூத்தி முப்பது."

"நோயமி கூட இருந்தாளா?"

"இல்ல. சத்தியமா இல்ல."

"உன் சத்தியத்தைத்தான் பார்த்துட்டேனே." அவள் திரும்பினாள். "சம்பந்தி, மேல போலாம். அன்யோலோத்தி ஆறினா நல்லா இருக்காது."

"அப்ப இவரு?"

"அவனுக்கு அங்க வசதியா இருக்கு. ஆறு வருஷமா இருக்கான்."

லெயார்கோ தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, கேபிளோடு போய்விட்டார்.

மேலே தட்டுகள் மோதிக்கொண்டன. யாரோ சிரித்தார்கள். சாஸ் வாசனை ஷெட் வரைக்கும் வந்தது. கண்ணாடி அதை உள்ளே விடவில்லை என்றாலும் எனக்கு வந்தது. இருக்கைத் தோல் உடம்பில் ஒட்டிக்கொண்டது. கடிகாரம்கூட பேட்டரியோடு நின்றுவிட்டதால் எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கடைசியில் அவள் வந்தாள், கையில் தட்டோடு. சுவருக்கும் வண்டிக்கும் இடையில் உடம்பை ஒருக்களித்து நுழைத்து, என் பக்கக் கதவை இழுத்தாள். அவள்மேல் இடித்து நான்கு விரல்கடை திறந்தது. தட்டு நுழையவில்லை. முள்கரண்டியில் ஒன்றைக் குத்தி நீட்டினாள். வாயைக் கொண்டுபோய் வாங்கிக்கொண்டேன். அவள் கண்கள் சிவந்திருந்தன. அதைப் பார்க்காமல் மென்றேன். ஆறிப்போயிருந்தது.

ஏழெட்டு அப்படிப் போயின.

"சம்பந்தியைக் கேபிள் போடச் சொல்றியா?" என்று கடைசியில் கேட்டேன்.

"ரெண்டு கிளாஸ் ஒயின் குடிச்சிட்டு சோபாவுல தூங்கறாரு. எழுந்திரிக்கட்டும்." சுவரில் சாய்ந்துகொண்டாள். அடுத்ததைக் குத்தினாள், நீட்டவில்லை. "அதுவரைக்கும் சொல்லு. இந்த வண்டிக்காக வேற என்னென்ன பொய் சொன்னே? முதல்லேருந்து."

கரண்டி அந்தரத்தில் நின்றது. என் தம்பியைப் பார்க்கக் கூனியோ போகிறேன் என்று சொல்லிவிட்டு மெக்கானிக்கிடம் கழித்த மூன்று சனி ஞாயிறுகளிலிருந்து ஆரம்பித்தேன்: இந்த எஞ்சினில் ஒரு பெல்ட் இருக்கிறது, அதை மாற்ற வேண்டுமென்றால் எஞ்சின் முழுவதையும் வண்டியிலிருந்து கீழே இறக்க வேண்டும்.