அந்தோனிதாசனுக்கு ஒரு பார்சல்

டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் பிராண்டேயில் எங்கள் ஆள் ஒருவன் பயணம் போகிறான் என்று தெரிந்தால் போதும், அவனைத் தபால் வண்டி ஆக்கிவிடுவார்கள். லண்டனுக்குப் போனால் முறுக்கு, பாரிசுக்குப் போனால் சேலை. இதற்குப் பயந்துதான் கரீபியன் போகிற கதையை நான் வாயே திறக்கவில்லை. என் மனைவி ஞானேஸ்வரி திறந்துவிட்டாள்.

செயின்ற் குறோய் என்று ஒரு தீவு. கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனதும் கடலின் அடி சட்டென்று முடிந்து, பவளப்பாறை செங்குத்துச் சுவராகக் கீழே இறங்கும். அதைப் பார்ப்பதற்காகத்தான், காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை முடிந்த கையோடு கடற்கரை ஊரான கோல்டிங்குக்குக் கார் ஓட்டிப்போய், சிலிண்டர் கட்டி மூழ்கப் பழகினேன். டென்மார்க் கடலில் நீட்டின கை தெரியாது. இரண்டு வருடமாக நான் கண்டது பச்சை இருட்டும் நண்டும்தான்.

செய்தி கசிந்த அன்றே பார்சல்கள் வந்தன. “கனடா பக்கத்திலைதானே தேவராசா அண்ணை” என்று மூன்று கிலோ கறித்தூள். வந்த எல்லாரையும் வாசலிலேயே ஏசித் திருப்பினேன். அருள்நாயகி அக்காவை மட்டும் திருப்ப முடியவில்லை.

அக்கா மன்னார்க்காரி. முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிளாஸ்டிக் பையில் இறுக்கிச் சுற்றிய பொதியை மேசையில் வைத்தார்.

“தம்பி, இது அந்தோனிதாசனுக்கு. ஒரு சேர்ட், மீடியம். இப்ப கொஞ்சம் உடம்பு வைச்சிருப்பான், எண்டாலும் போடுவான்.”

அந்தோனிதாசன் அக்காவின் தம்பி. தொண்ணூற்றாறில் மன்னாரில் சங்கு எடுக்கக் கடலில் குதித்தவன், ஏறி வரவில்லை. உடல் கிடைக்காததால் அக்கா அவனுக்கு இறந்தவர் பூசை ஒப்புக்கொடுக்க மறுத்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை அவன் இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறான்.

“அக்கா, அது இந்து சமுத்திரம். நான் போறது வேறை கடல்.”

“கடலுக்கு நடுவிலை மதிலே கட்டியிருக்கு?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்த கேள்வி வேறு. “ஆள் எப்பிடி இருப்பார்?”

“இடது புருவத்திலை ஒரு தழும்பு.”

அந்தத் தீவில் மூழ்க வந்தவர்களைக் கடலில் இறக்கியவள் எமிலியா என்ற டெனிஷ் பெட்டை. என் இடுப்புப் பட்டியில் தொங்கிய பொதியைப் பார்த்து என்னவென்று கேட்டாள். ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய சேர்ட் என்றேன். எங்கே இருக்கிறார் என்றாள். கீழே காட்டினேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு நூல்கூடப் பாறையில் விழக்கூடாது, கொடுக்காவிட்டால் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றாள். சரியான டெனிஷ்காரி.

இறங்கினேன். சுவர் நான் கேள்விப்பட்டதைவிட அழகு. ஆள் குந்தியிருக்கலாம் போன்ற செம்மஞ்சள் கடற்பஞ்சுகள், ஊதா விசிறிகள், பவளத்தைக் கொறிக்கும் கிளிமீன்கள். கீழே நீலம் கறுத்துக் கறுத்து மை ஆகிப் போனது. மனிதன் கைபடாத இடம். அப்படிப்பட்ட இடத்தில் நான் என்ன செய்தேன்? பொந்து பொந்தாக எட்டிப் பார்த்தேன். ஒரு விலாங்கு வாயைப் பிளந்து முறைத்தது. அதற்குப் புருவமே இல்லை. பிறகு சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த நீலத்துக்குள்ளிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருட ஆசை நாற்பது நிமிடத்தில் இப்படிப் பாழாய்ப் போனது.

கொண்டுபோன பார்சலைக் கொடுக்காமல் திரும்புவது எங்கள் ஆட்களிடையே மன்னிக்க முடியாத குற்றம். அதனால் திரும்பி வந்து அக்கா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பொய்யைப் பாடமாக்கினேன்: குடுத்திட்டன், சுகமாய் இருக்கிறார், சேர்ட் அளவு. பொதியைக் காருக்குள்ளேயே விட்டுவிடுவது என்றும் முடிவு. அக்கா கதவைத் திறந்தபோது பொதி என் கையில் இருந்தது.

“ஆளைக் காணேல்லை அக்கா.”

“வடிவாய்த் தேடினீரே?”

“ஓம். முப்பது மீற்றர் மட்டும் போனனான். பொந்துகளுக்குள்ளையும் பாத்தனான்.”

அக்கா கதிரையில் இருந்தார். “அண்டைக்கு அவன் ஏறி வராத பிறகு நேவி ஒருதரையும் கடலிலை இறங்க விடேல்லை. அவனை ஒருதரும் போய்த் தேடேல்லைத் தம்பி. நீர்தான் முதல் ஆள்.”

நான் வெட்கத்தில் குறுகிப் போனேன். இவ்வளவு நாளும் இந்த மனுசியைப் பைத்தியம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

அக்கா பொதியைப் பிரித்து, கடல்நீர் புகுந்து இன்னும் காயாத சேர்ட்டை உதறிக் கதிரையில் காயப் போட்டார். பிறகு பாதருக்குப் போன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு இறந்தவர் பூசை வேண்டும் என்றார். பாதர் இறந்த திகதி கேட்டிருக்க வேண்டும். அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நீர் எத்தினையாம் திகதி இறங்கினீர்?”

“மார்ச் பதினாலு.”

“மார்ச் பதினாலு பாதர். ஓம், இந்த வருசம்தான். தேடிப் பாத்த ஆள் பக்கத்திலை நிக்கிறார், கதையுங்கோ.”

போனை என்னிடம் நீட்டினார். நான் சைவக்காரன், பாதரை முன்பின் தெரியாது.

“பாதர், நான் தேவராசா. போய்ப் பாத்திட்டு வந்தனான். ஆள் இல்லை.”

அப்போதுதான் அக்கா, முப்பது வருடத்தில் முதல்தடவையாக, தம்பியின் பெயரைச் சொல்லிக் குரல்விட்டு அழுதார்.