பார்சல் கட்டும் கைகளுக்கு

செங்கம் சாலையில் இருக்கும் எங்கள் ஓட்டலில் எல்லோருக்கும் காற்று உண்டு. ஏசி ஹாலில் ஏசி. சாதா ஹாலில் மின்விசிறி. கல்லாவில் முதலாளி தருமன் தலைக்கு மேலே தனியாக ஒன்று, அவருக்குப் பின்னால் மாட்டியிருக்கும் சாமி படத்துக்கு ஒரு குட்டி. பார்சல் கவுண்டர் மட்டும் தோசைக் கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே நானும் சந்திரகலா அக்காவும் நிற்போம்.

நான் அரசு கலைக் கல்லூரியில் பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு. மாலையில் பார்சல். அக்காவுக்குக் காலையிலிருந்தே பார்சல், பல வருடமாக. அவர்தான் முதலாளியிடம் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டவர். வந்த புதிதில் நான் வடைகறியையும் கேசரியையும் ஒரே இலையில் மடித்துக் கொடுத்துவிட, முதலாளி கத்த ஆரம்பித்தார். "நாந்தாங்க தப்பா கட்டிட்டேன்" என்றார் அக்கா. அதன்பின் நான் செய்த தப்புகளையும் அவரே செய்துவந்தார். இப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் நம்பாமல் என்ன செய்வது?

ஒருநாள் இரண்டு பேருமாகப் போய் மின்விசிறி கேட்டோம்.

"பார்சல் வாங்கறவன் ரெண்டு நிமிஷம் நிப்பான். அவனுக்கு எதுக்குப்பா ஃபேனு?" என்றார் முதலாளி.

"அவங்களுக்கு இல்லீங்க. எங்களுக்கு."

"நீங்கள்லாம் என் குடும்பம்பா."

குடும்பத்துக்கு வியர்க்காது போலிருக்கிறது.

டப்பா என் யோசனை. ஹாலில் பரிமாறும் திருமலைக்கு மேசைக்கு மேசை டிப்ஸ் விழுகிறது. அதே தோசையை இலையில் சுருட்டிக் கொடுக்கும் எங்களுக்கு ஏன் விழக்கூடாது? விழுந்ததைச் சேர்த்து நாங்களே மின்விசிறி வாங்கிக்கொண்டால் முதலாளிக்கும் நஷ்டமில்லை. அவரும் "வெச்சிக்கோங்க, யாரு வேணாம்னா" என்றார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் கீறல் போட்டு, 'பார்சல் கட்டும் கைகளுக்கு' என்று எழுதி ஒட்டிக் கவுண்டரில் வைத்தோம். தேர் வீதிக் கடையில் மின்விசிறியைக்கூடப் பார்த்துவைத்தாயிற்று. அக்காதான் அதை ஓடவிட்டு, முன்னால் முகத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "நீலம் வேணாம் செழியா, வெள்ளை எடுப்போம்" என்றார்.

டப்பாவில் ஒன்றும் விழவில்லை.

வாடிக்கைக்காரர் அருணகிரி, ஓய்வுபெற்ற அதிகாரி, எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "உள்ள உக்காந்தா தண்ணி வெக்கிறான், எலை எடுக்கிறான். அதுக்கு டிப்ஸ். நீ இன்னா பண்ற? கட்டற. ஊட்டுக்குப் போயி நானேதான் அவுக்கணும். அவுக்கறதுக்கு எனக்கு யாருப்பா குடுப்பா?"

"நியாயம்தாங்க" என்றேன்.

"சட்னி ஜாஸ்தி வை."

வெள்ளைக்காரர்கள் மேல் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அவர்கள் நாட்டில் காப்பி வாங்கினால்கூட டிப்ஸ் வைப்பார்களாம். ஆனால் இங்கே ஆசிரமங்களுக்கு அவர்கள் பற்றை விடத்தான் வருகிறார்கள். முதலில் விடுவது டிப்ஸை. டப்பாவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்கள்.

அப்புறம் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை பூஜையில் முதலாளி எதையும் விட்டுவைக்க மாட்டார். கிரைண்டர், ஃபிரிட்ஜ், கல்லா, எடை மெஷின் எல்லாவற்றுக்கும் திருநீற்றுப் பட்டை, நடுவில் குங்குமம். பணம் அனுப்பும் க்யூஆர் அட்டைக்கும் பொட்டு வைத்துவிடுவார். துடைக்கும் வரை ஓட்டலுக்கு வருமானம் வராது. அன்று எங்கள் டப்பாவுக்கும் பட்டை போட்டு, ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றிவிட்டார். எழுதியிருந்தது பூவுக்குள் போய்விட்டது.

அன்று மாலை அருணகிரி வந்தார். டப்பாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். ஒரு நோட்டை மடித்துப் போட்டு, டப்பாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிடலாமாக்கா?"

"நாம இன்னா பொய்யா சொன்னோம்? அவங்களா போடறாங்க. எதுக்குக் கெடுக்கணும்?"

பூ வாடியதும் வேறு பூ சுற்றியது அக்காதான். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் எங்கள் டப்பாவையும் ஒரு சன்னதியாகச் சேர்த்துக்கொண்டது. ஒரு அம்மாள் திருநீறு கேட்டார். கைவசம் தேங்காய்ச் சட்னிதான் இருந்தது, அதைக் கட்டிக் கொடுத்தேன். அன்று வேலை முடிந்தபோது டப்பாவை அசைத்தால் சத்தமே வரவில்லை, அவ்வளவு இறுகிப்போயிருந்தது. அக்கா அதை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டார். "காலையில நானே போயி வாங்கியாந்துர்றேன். நீ காலேஜி முடிச்சு வர்றப்ப காத்து வரும்" என்றார்.

மறுநாள் கல்லூரி முடிந்து வந்தேன். ஓட்டல் வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். 'மாபெரும் அன்னதானம். உபயம்: தருமன் குடும்பத்தார்.' முதலாளி கைகூப்பிச் சிரித்தார். ஃப்ளெக்ஸிலும் அப்படியே.

"எங்கப்பா போன? புளிசாதம் ஆறுது. பொட்டலம் போடு."

பார்சல் கவுண்டரில் சுவர் காலியாக இருந்தது. மேசையும் காலி. அக்காவும் இல்லை. தனியாக நின்று பொட்டலம் போட்டேன். வாசலில் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. எல்லாம் ஓய்ந்தபின் முதலாளியிடம் கேட்டேன்.

"எங்க டப்பாங்க?"

"அந்தக் காசுதாம்பா இது. காலையில சந்திரகலாவே கொணாந்து கையில குடுத்துச்சு. சாமி காசு, நாங்க தொட்டா பாவம்னு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சுப்பா." கண் கலங்கியதற்கு அடையாளம் தெரியவில்லை. "ரொம்ப நாளா ஜூஸ் கவுண்டரு கேட்டுனே இருந்துச்சு. அப்படி மனசு இருக்கறவங்களுக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி? போன்னுட்டேன்."

ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஜூஸ் கவுண்டர் ஏசி ஹாலுக்குள் இருக்கிறது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அக்கா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். மிக்ஸியில் பழம் எதுவும் இல்லை, ஆனாலும் அதை ஓடவிட்டார்.

ஒரு வாரம் அவர் இந்தப் பக்கம் வரவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட ஹாலைச் சுற்றிக்கொண்டு போனார். கல்லூரியில் ஒன்றாகப் படிக்கும் மாறனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சொல்கிற விதம் அப்படி. சொல்லி முடித்ததும் எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் அக்கா கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். வாடிக்கைக்காரர்கள் நிற்கும் பக்கம்.

"அபிநயாவுக்கு நாலு இட்லி கட்டு செழியா."

அபிநயா அவர் மகள். கட்டினேன். பில்லுக்கு மேலே ஒரு பத்து ரூபாயைத் தனியாக வைத்தார்.

"இது உனக்கு."

"பார்சலுக்கு டிப்ஸ் வாங்கறதில்லீங்க."

"இன்னாடா, எனக்குப் போயி 'ங்க' போடற?"

"கஸ்டமருக்குப் போடணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

அவர் நோட்டை எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ பரிச்ச முடிஞ்சா போயிடுவ. ஃபேனை மாட்டிட்டு அதுக்கப்புறம் எத்தினி நாள் இருப்ப? நாந்தான கடைசி வரைக்கும் இங்க நிக்கணும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ கணக்கு கேப்ப. நியாயம் பேசுவ. உள்ள இருக்கறது ஒரு எடந்தான்."

பதில் பேச வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னாலிருந்து யாரோ இரண்டு ரவா ரோஸ்ட் கேட்டார்கள். அக்கா பத்து ரூபாயை எடுத்துச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டு, இட்லியை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார். அப்போதுதான் கவனித்தேன். அவர் நெற்றிக் குங்குமம் காலையில் வைத்தபடியே வட்டமாக, ஓரம்கூடக் கலையாமல் இருந்தது. இத்தனை நாள் பக்கத்தில் நின்றும் நான் அதை வியர்வையில் மூக்கு வரை வழிந்த கோடாகத்தான் பார்த்திருக்கிறேன்.