கோப்பிக்கு ஒரு டாக்டர்

மலாக்காவின் காஜா பெராங்கில் தன் வீட்டு வாசலில் கார் ஒன்று கிறீச்சிட்டு நின்றபோது அஞ்சலை தையல் மெஷினில் ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். கார் சத்தத்துக்கு அவள் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பின்னால் வந்த ஊளைதான் அவளை வெளியே ஓடவைத்தது.

கோப்பி சாலையோரத்தில் கிடந்தது. நாலு வருஷமாக வளர்க்கிற பெட்டை நாய்; காப்பி நிறம் என்பதால் கோப்பி. பின்னங்கால் ஒன்று தொடைக்குக் கீழே நசுங்கித் திரும்பிக் கிடந்தது.

காரிலிருந்து இறங்கியவள் துரையம்மா. அஞ்சலையின் புருஷன் அப்பாசாமி டிரைவராக இருந்த ரப்பர் கம்பெனி மேனேஜரின் மனைவி. அன்றைக்கு அப்பாசாமி பெரிய காரில் துரையைப் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குக் கூட்டிப் போயிருந்ததால் சின்னக் காரைத் துரையம்மாவே ஓட்டி வந்திருந்தாள். அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. உடைந்த மலாயில் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். பின் சீட்டில் தன் கையாலேயே ஒரு துண்டை விரித்து, "ஏறு, ஏறு, என் நாய்களுக்குப் பார்க்கிற டாக்டரிடம் போகலாம்" என்றாள்.

பக்கத்து வீட்டு வடிவாம்பாளும் ஓடி வந்து காரில் ஏறிக்கொண்டாள். கோப்பியைக் குட்டியாகக் கொடுத்தவளே அவள்தான். தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் இருக்கிற செட்டி குடும்பத்துப் பெண். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங் கைலி, வாயில் மலாய். தமிழ் அவளுக்குப் பத்துச் சொல் வரும். அஞ்சலையும் அவளும் எப்போதும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள்.

டாக்டரின் இடம் ஊருக்கு வெளியே ஒரு பங்களா. பிரம்பு நாற்காலிகளும் சுவரெல்லாம் பந்தயக் குதிரைப் படங்களுமாக இருந்தது. வெள்ளைக்கார டாக்டர் வந்தார். கோப்பியின் காலைப் பென்சிலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். துரையம்மாவிடம் இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

துரையம்மா அஞ்சலையின் தோளைத் தொட்டாள். "ரொம்ப வலிக்கிறதாம். ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம் என்கிறார்."

எந்தத் தூக்கம் என்பது அஞ்சலைக்குப் புரிந்தது.

"காலை மட்டும் எடுக்க முடியாதா?" என்று மலாயில் கேட்டாள்.

துரையம்மா அதை இங்கிலீஷில் சொன்னாள். டாக்டர் சிரித்தபடி ஏதோ பதில் சொன்னார். அந்தச் சிரிப்பைத் துரையம்மா மொழிபெயர்க்கவில்லை. "கம்பத்து நாட்டுநாய்க்கு அவ்வளவு சிரமம் எதற்கு என்கிறார். மூன்று காலில் அது என்ன செய்யும்? வருத்தப்படாதே. என் ஜூடி அடுத்த மாதம் குட்டி போடும். நல்ல ஜாதிக் குட்டியாக ஒன்று உனக்குத் தருகிறேன்."

"நாய் என்னுடையது. அவர் என்னிடம் பேசமாட்டாரா?"

டாக்டர் அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். "வெளியே போய் இரு" என்று மலாயில் சொல்லிவிட்டு ஊசியில் மருந்தை ஏற்றத் தொடங்கினார்.

அஞ்சலை மேசையருகே போனாள். துண்டோடு சேர்த்துக் கோப்பியை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ரத்தம் அவள் புடவையில் ஊறியது.

"தா போலே" என்றாள் மலாயில். முடியாது.

டாக்டர் சத்தம் போட்டார். துரையம்மா, "அஞ்சலை! அஞ்சலை!" என்று வாசல்வரை வந்தாள். அஞ்சலை திரும்பிப் பார்க்காமல் சாலைக்கு வந்து, போய்க்கொண்டிருந்த மூன்று சக்கர ரிக்‌ஷாவை நிறுத்தினாள். வடிவாம்பாள் சாரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்து ஏறினாள்.

"எங்கே?" என்றான் ரிக்‌ஷாக்காரன்.

அதுதான் அஞ்சலைக்கும் தெரியவில்லை. கோப்பி முனகுவதை நிறுத்தியிருந்தது. அதுவேறு பயமாக இருந்தது.

"அரசாங்க மாட்டாஸ்பத்திரி வழியில்தான் இருக்கிறது" என்றாள் வடிவாம்பாள். "இல்லாவிட்டால் தெங்கேராவில் ஒரு பையன் புதிதாகக் கடை போட்டிருக்கிறான். மெட்ராஸில் படித்தவனாம். என் பூனைக்கு மருந்து கொடுத்தான், நன்றாகிவிட்டது. ஆனால் அங்கே யாரும் போவதில்லை."

"ஏன் போவதில்லை?"

"நம்ம ஆள்தானே, அவனுக்கு என்ன தெரியும் என்கிறார்கள்."

மாட்டாஸ்பத்திரியில் கேட்டைத் திறக்கக்கூட இல்லை. மாடும் எருமையும்தான் பார்ப்போம், நாய்க்கெல்லாம் இங்கே ஆள் கிடையாது என்று கம்பிக்குப் பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். அஞ்சலை ரிக்‌ஷாக்காரனைப் பார்த்து, "தெங்கேரா" என்றாள்.

அது ஒரு கடைவீட்டின் முன்பாதி. பின்பாதியில் ஒரு சீனர் பிரம்புக்கூடை அடுக்கி வைத்திருந்தார். பலகையில் இங்கிலீஷுக்குக் கீழே தமிழிலும் மிருக வைத்தியர் ஜெயபாலன் என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு கூண்டில் இறக்கையில் கட்டுப்போட்ட கிளி. வேறு நோயாளி யாரும் இல்லை. பத்திரிகை படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் அதைப் போட்டுவிட்டு எழுந்தார்.

அவர் முதலில் காலைப் பார்க்கவில்லை. கோப்பியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வயிற்றை மெல்ல அழுத்தினார். பிறகுதான் காலுக்கு வந்தார்.

"யாரும்மா வளர்க்கிறது?"

"நான்தான்."

"அப்ப உங்ககிட்டயே சொல்றேன். இந்தக் காலைக் காப்பாத்த முடியாது. வயித்துக்குள்ள அடி இல்லை, அதனால உயிரைக் காப்பாத்தலாம். காலை இடுப்புக்குக் கிட்ட எடுத்துடணும்."

"இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கீங்களா?"

ஜெயபாலன் கொஞ்சம் தயங்கினார். "படிக்கிறப்ப வாத்தியார் பக்கத்துல நின்னு நாய்க்குச் செஞ்சிருக்கேன். தனியாச் செஞ்சது ஒரு ஆட்டுக்குத்தான்."

"ஆடு பொழச்சுதா?"

"பொழச்சுது. தீபாவளிக்கு வெட்டிட்டாங்க."

என்ன சொல்கிறான் என்று வடிவாம்பாள் கேட்டாள். அஞ்சலை சொன்னாள். வடிவாம்பாள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, கோப்பியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மயக்க மருந்துலயே போயிடறதும் உண்டும்மா" என்றார் ஜெயபாலன். "ரத்தம் வேற போயிருக்கு. அதையும் சொல்லிடறேன். யோசிச்சுச் சொல்லுங்க, ஆனா சீக்கிரம் சொல்லுங்க."

அஞ்சலை கோப்பியின் காதைத் தடவிக்கொண்டே நின்றாள். "அந்த டாக்டர் கொல்றதுக்குக் கொஞ்சங்கூட யோசிக்கலை. நீங்க காப்பாத்துறதுக்கு இவ்ளோ யோசிக்கிறீங்க. நீங்களே செய்ங்க."

உதவியாள் காய்ச்சலில் படுத்திருப்பதால் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும் என்றார் ஜெயபாலன். ஒருவர் உடம்பைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் மூக்குக்கு மேல் பஞ்சில் மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கத்தியை எடுத்து வைத்ததைப் பார்த்ததுமே வடிவாம்பாளுக்குக் கண் இருட்டியது. அவளைக் கைத்தாங்கலாக வெளியே உட்கார வைத்துவிட்டு அஞ்சலை நிமிர்ந்தாள். எதிரே துரையின் பெரிய கார் வந்து நின்றது.

அப்பாசாமி வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக இறங்கி வந்தான். தெங்கேரா பக்கம் ரத்தப் புடவையோடு ஒரு பெண் போனதை வழியில் நாலு பேர் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"என்ன புள்ள காரியம் பண்ணிட்டு வந்திருக்க? அந்த டாக்டர் துரைக்குப் போன் பண்ணிட்டாரு. ஒங் கூலிக்காரி என்னை அவமானப்படுத்திட்டாள்னு கத்துறாராம்."

"நான் அவருக்கு என்ன கூலி வேலை பார்த்தேன்?"

"நாயைத் திரும்பக் கொண்டுபோய்க் குடு. அஞ்சு மணிக்குள்ள காடியோட நான் பங்களாவுல நிக்கணும். இல்லாட்டி வேலை போயிடும்லா."

"அது இன்னும் மூச்சு விடுது. கையைக் காலைக் கட்டிச் சாகக் குடுக்கச் சொல்றீங்களா?"

"ஒரு நாய்க்காகவா அஞ்சலை?"

"நாய்க்காகத்தான். வேற எதுக்காகன்னு நெனச்சீங்க?" அவள் குரலை இறக்கவில்லை. "போன வருஷம் பண்டார் ஹிலிர் திடலுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனீங்க. சுதந்திரம் வரப்போகுதுன்னு தொண்டை கட்டுற வரைக்கும் மெர்டேக்கா மெர்டேக்கான்னு கத்துனீங்க. மூணு நாள் என்கிட்ட சைகையில பேசுனீங்க. நம்ம நாய்க்கு எந்த டாக்டர்னு நாமளே பார்த்துக்க முடியலைன்னா அப்புறம் எதுக்குக் கத்துனீங்க?"

அப்பாசாமி தெருவில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க போங்க. நான் இங்கதான் இருப்பேன். துரை கேட்டா, பொண்டாட்டி சொல்பேச்சுக் கேக்கலைன்னு சொல்லுங்க. பொய் இல்லையே."

உள்ளேயிருந்து ஜெயபாலன் கூப்பிட்டார். "அம்மா, இனியும் காத்திருக்க முடியாது. இன்னொரு ஆள் வந்தாச்சா?"

அஞ்சலை உள்ளே போனாள். கோப்பி மேசையில் கிடந்தது. வாசலில் அப்பாசாமியைப் பார்த்ததும் அதன் வால் மேசைப் பலகையில் ஒரு தடவை தட்டியது, அவ்வளவுதான். அப்பாசாமி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தான். பிறகு தொப்பியைக் கழற்றிக் கிளிக்கூண்டின் மேல் வைத்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டான்.

"என்ன செய்யணும் டாக்டர்?"

"அந்தப் பாட்டிலைப் பிடிங்க. நான் சொல்றப்ப ஒரு சொட்டு. சொல்லாதப்ப விடக்கூடாது."

அஞ்சலை கோப்பியின் உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 'விடுங்க', 'போதும்', 'விடுங்க' என்று டாக்டர் குரல் மட்டும்தான் கேட்டது. மருந்து நெடியில் அப்பாசாமிக்குத் தலை கிறுகிறுத்தது. அவன் கை மட்டும் ஆடவில்லை. வளைந்து வளைந்து போகும் எஸ்டேட் சாலைகளில் துரை தூங்கும்படி கார் ஓட்டிய கை அது. நடுவில் ஒருமுறை கோப்பியின் மூச்சு நின்றது. டாக்டர் கத்தியைப் போட்டுவிட்டு அதன் விலாவை அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டாள். கையில் பிடித்திருந்த உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டு மூச்சை இழுத்தபோதுதான் திறந்தாள்.

கடைசித் தையலைப் போட்டு முடித்து, ஜெயபாலன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. அஞ்சு மணி எப்போதோ தாண்டியிருந்தது.

மறுநாள் காலை அப்பாசாமி காரை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனான். தாமதம் ஏன் என்று துரை கேட்டார். "நாயை டாக்டர்கிட்ட கொண்டுபோனேன் துரை" என்றான். உன் மனைவி நேற்றே ஒரு டாக்டரிடம் போனாளே என்றார் துரை. "அது உங்க டாக்டர். நாங்க எங்க டாக்டர்கிட்ட போனோம்." சாவியை அவர் கேட்பதற்கு முன்பே மேசையில் வைத்துவிட்டு வந்தான். துரையம்மா மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையை அசைப்பதுபோலத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டாள்.

நாள்கள் சுலபமாகப் போகவில்லை. அப்பாசாமிக்கு ஒரு மரக்கடையில் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. வெயிலும் தூசியும் இடுப்பு வலியுமான வேலை. தெருவில் சிலர், "நாய்க்கு ஒரு கால் போச்சு, உனக்கு வேலை போச்சு" என்று சிரித்தார்கள். கோப்பியோ எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது. புண் ஒருமுறை சீழ் பிடித்தது. ஜெயபாலன் சைக்கிளில் வந்து வந்து ஊசி போட்டார். காலையும் மாலையும் அஞ்சலை அதன் வயிற்றுக்கடியில் ஒரு பழைய புடவைத் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, அதே தெருவில் எல்லாரும் பார்க்க நடக்க வைத்தாள்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஆபீஸில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான பெரிய கிராணி ராஜரத்தினம் வீட்டுக்கு வந்தார். காற்சட்டையை இழுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாசாமி முற்றத்தில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"துரையம்மா ரொம்பச் சொல்லியிருக்காங்க, அப்பாசாமி. துரையும் மனசு எறங்கிட்டாரு. பழைய வேலை ஒனக்குத் திரும்பக் கெடைக்கும். ஒண்ணே ஒண்ணுதான். அஞ்சலை அந்த டாக்டர்கிட்ட போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரணும்."

அஞ்சலை தையல் மெஷினிலிருந்து எழுந்தாள். நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது.

"எதுக்கு?" என்றான் அப்பாசாமி, தலையைத் தூக்காமல்.

"எதுக்குன்னா? ஒரு மரியாதைக்குத்தான்."

"அவ அவரைத் திட்டலை. அடிக்கலை. அவ நாயை அவ தூக்கிட்டு வந்தா. இதுல மன்னிப்பு எங்கய்யா இருக்கு?" சங்கிலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "லாரி நல்லாத்தான் ஓடுதுன்னு துரைக்குச் சொல்லுங்க."

அஞ்சலை சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, கோப்பி கலக்க உள்ளே போனாள். சமையற்கட்டிலிருந்து நாய் கோப்பி அவள் பின்னாலேயே தத்தித் தத்தி வந்தது. முற்றத்தில் மேய்ந்த வடிவாம்பாள் வீட்டுச் சேவலைக் கண்டதும் நிதானம் போய்விட்டது. மூன்று காலில் பாய்ந்து, திருப்பத்தில் சரிந்து விழுந்து, எழுந்து மறுபடி துரத்தியது. சேவல் வேலி தாண்டிப் பறந்தது.

ராஜரத்தினம் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்ளர் கோப்பியைக் குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அஞ்சலை," குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுப் பூனை ரெண்டு நாளா எதையும் தொட மாட்டேங்குது. சின்ன மக அழுதுக்கிட்டே இருக்கா. அந்தத் தெங்கேரா டாக்டர்... பூனையும் பாப்பாரா?"

"பாப்பாருங்க."

"பின்பக்கமா ஏதாச்சும் வழி இருக்கா? துரை வீட்டு ஆளுங்க அந்தப் பக்கம் போக வர இருப்பாங்க, அதான்."

அஞ்சலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பின்பக்கம் கூடைக்கடைங்கய்யா. டாக்டரைப் பாக்கணும்னா முன்வாசல் வழியாத்தான் போகணும். காலையில போங்க, அப்பதான் வெளிச்சமா இருக்கும்."