எட்டு மணி நேரம் போட்டாலும் தெரியாது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தான் பிறக்கிறது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. இது அந்த மாதிரி அழகான பொய் இல்லை. 'எட்டு மணி நேரம் போட்டாலும் போட்டிருப்பதே தெரியாது.' இவ்வளவுதான் பொய். ஒரு ஹெட்போனைப் பற்றி இணையதளம் ஒன்றில் வந்த விமர்சனத்தில் இருக்கிற வரி. காதை முழுக்க மூடிக்கொள்ளும் வகை, விலை மலிவு. எழுதியவன் பெயர் குணா. கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அதுவும் விளம்பரம்தான்.

அந்த ஹெட்போன் இப்போது என் தலையில் இருக்கிறது. சேலையூரில் என் வீடு, ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்றேகால். போனில் செய்தி ஓடுகிறது. காதில் தோடு போட்டிருக்கிறேன். தோட்டை மறந்துவிடாதீர்கள். எவ்வளவு நேரம் தாங்குகிறேன் என்று நடுநடுவே குறித்துவைக்கிறேன்.

[ஆறு நிமிடம். ஒன்றும் தெரியவில்லை. குணா சொன்னது சரிதானோ என்னவோ.]

2

முதல் தொடக்கம்: 'மேடவாக்கத்தின் மாலை வெயில் கண்ணாடிக் கட்டடங்களில் பொன்னாய் உருகிய வேளையில், துர்கா என்னும் இளம்பெண்

அடச்சீ. மேடவாக்கத்தில் சாயங்காலம் உருகுவது சிக்னலில் நிற்கிற மனுஷன்தான்.

இரண்டாம் தொடக்கம்: 'துர்கா ஒரு பாவப்பட்ட

இதுவும் வேண்டாம். அவள் பாவப்பட்டவள் இல்லை, வாய்க்காரி. எனக்குக் கீழ் வீட்டில் குடியிருக்கிறாள். தண்ணி லாரி எங்கள் தெருவை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பினால் நடுரோட்டில் நின்று லாரியை மறிப்பவள். பிறந்த வீடு கானத்தூர்ப் பக்கம் மீன்பிடிக் குப்பம். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

வேலை மேடவாக்கத்தில். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள் போனில் பேசிய பதிவுகளை ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் கேட்க வேண்டும். பதில் சொன்ன பெண் மரியாதையாகப் பேசினாளா, சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாளா என்று மார்க் போட வேண்டும். அந்த ஆபீஸில் போன மாதம் எல்லோருக்கும் புது ஹெட்போன் வாங்கினார்கள். எது என்று உங்களுக்குத் தெரியும்.

[பதினாலு நிமிடம். காது வேர்க்கிறது. ரெக்சின் உறை. நம் ஊர்ப் புழுக்கத்தில் காதுக்கு ரெக்சின் போட்டவனை ஒரு மே மாதம் முழுக்க இதைப் போட்டு உட்கார வைக்க வேண்டும்.]

3

வியாழக்கிழமை மாடி ஏறி வந்தாள். "அக்கா, இத்தப் பாரு" என்று முடியை ஒதுக்கினாள். இடது காது மடலுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து சீழ் கட்டியிருந்தது. திருகாணி இருக்கிற இடம்.*

"தலைய நெருக்குது. அதுகூடப் பரவால்லக்கா. பேசறது தெளிவா கேக்க மாட்டேங்குது. வாயில சோத்த வச்சிக்கினு பேசறா மாதிரி கீது. அதனால கையால அமுக்கிப் புடிச்சிக்கினு கேக்கறேன். அமுக்க அமுக்க ஆணி உள்ள ஏறுது."

இதைப் பற்றிக் குணா என்ன எழுதியிருந்தான் தெரியுமா? 'பேஸ் நெஞ்சில் வந்து மோதுகிறது.' மோதுகிறதாம். குத்துப் பாட்டுக்கு மோதட்டும். புருஷன் செத்து பாலிசிக்காகப் போன் செய்கிறவளின் குரலுக்கு எதற்கு அந்த மோதல்? அந்தக் கனத்த ஒலி பேச்சின் மேல் கம்பளி மாதிரி விழுந்து மூடுகிறது. இப்போது செய்தி வாசிப்பவரும் எனக்கு அப்படித்தான் கேட்கிறார்.

"கழட்டிக் கழட்டி வைக்கிறேன்னு ரெண்டு மெமோ குட்த்துட்டாங்க. திங்கக்கெழம பத்து மணிக்கு மீட்டிங். மூணாவது வாங்கினா வேல பூடும்."

டீம் லீடர் அருண்ராஜிடம் காதைக் காட்டினாளாம். "தோட்டக் கழட்டிட்டு வாங்க மேடம், சிம்பிள்" என்றானாம்.

"அவர மீசைய எட்த்துட்டு வான்னா எட்ப்பாராக்கா? கழட்டினா வூட்ல மூளிக்காதும்பாங்க, அத்த நான் பாத்துப்பேன். எனக்கே கழட்டப் புடிக்கல. நான் எதுக்குக் கழட்டணும்?"

பிறகு போனை நீட்டினாள். அருண்ராஜ் ஆபீஸ் குரூப்பில் குணாவின் விமர்சனத்தைப் போட்டு, எட்டு மணி நேர வரிக்கு அடியில் மஞ்சள் கோடும் இழுத்திருந்தான். "ஊருக்கே நல்லாகீது, உனக்கு மட்டும் இன்னான்றாரு. யாருக்கா இந்தக் குணா? ஆம்பளயாத்தான் இருப்பான். கட்டையில போறவன், தோடு போட்டிருந்தா தெரியும்."

போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"நீ எழுதறவதான, மீட்டிங்ல குடுக்க ஒரு லெட்டர் எழுதிக் குடு. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்."

* ஆண் வாசகர்களுக்கு: தோடு காதில் தானாக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. பின்னால் ஒரு திருகாணி உண்டு. நீங்கள் பார்த்ததெல்லாம் முன்னால் இருக்கிற கல்லை.

[இருபத்திரண்டு நிமிடம். ஆரம்பித்துவிட்டது. இடது பக்கம், பட்டாணி அளவு இடத்தில்.]

4

இந்தக் கதையில் எனக்குப் பிடிபடாத பாத்திரம் குணாதான். ஒரு வரைவில் அவனைத் தாம்பரத்தில் ஏசி அறையில் காலாட்டிக்கொண்டிருப்பவனாக எழுதினேன். இன்னொன்றில் காட்டாங்குளத்தூரில் அப்பா காசில் படிக்கிறவன். இரண்டிலும் அவனை வாய் வலிக்கத் திட்டினேன். நன்றாக வந்திருந்தது. கோபம் வந்தால் எனக்குத் தமிழ் நன்றாக வரும்.

இரண்டையும் கிழித்துப் போட்டேன். குணா நான்தான்.

"ரெசிப்பின்னா சுபத்ரான்ற பேர் ஓகே மேடம். கேட்ஜெட்டுக்கு ஒரு ஆம்பள பேர் வச்சுக்கலாமே" என்றார் அந்த இணையதளத்தை நடத்தும் சாலமோன். வைத்துக்கொண்டேன். மூன்று வருஷமாகக் குணா லேப்டாப்பில் எழுதுகிறான், சுபத்ரா தாளில் கதை எழுதுகிறாள்.

அந்த ஹெட்போனை நான் போட்டுப் பார்த்தது அரை மணி நேரம். அதில் பாதி நேரம், தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் தலைக்கு மேலே போகிற சத்தம் கேட்கிறதா என்று கவனித்தேன். கேட்கவில்லை. 'வெளிச்சத்தம் துளி வராது' என்று எழுதினேன். அது மட்டும் உண்மை.

போட்ட கொஞ்ச நேரத்திலேயே திருகாணி லேசாக உறுத்தவே, நான்

கொஞ்சம் அசௌகரியம் இருந்தாலும்

குத்தியது. தோட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் என்று எழுதினேன்.

தலைக்குக் குளிக்கும்போதும் ஒருக்களித்துப் படுக்கும்போதும் கழற்றிக் கழற்றிப் பழகிய கை. குறை அந்தச் சாமானில் இருக்கலாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை, என் காதில்தான் என்று நினைத்துக்கொண்டேன். அருண்ராஜ் துர்காவிடம் சொன்னதை அவனுக்கு முன்பே நான் எனக்குச் சொல்லியிருக்கிறேன். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

[முப்பத்து மூன்று நிமிடம். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறேன். சாய்க்க இடமில்லை.]

5

முடிவுகள்.

அ) கடிதத்தில் 'சுபத்ரா, மேல் வீடு' என்று கையெழுத்துப் போடுகிறேன். அருண்ராஜ் பதிலுக்குக் குணாவைக் காட்டுகிறான். துர்காவுக்கு வேலை போகிறது. நான் காபி போட்டுக் கொடுத்து ஆறுதல் சொல்கிறேன், அவள் எனக்கு நன்றி சொல்கிறாள். இது வேண்டாம்.

ஆ) 'குணா என்ற பெயரில் எழுதியது நான்தான். அந்த வரி பொய்' என்று கையெழுத்துப் போடுகிறேன். அருண்ராஜ் மெமோக்களைத் திரும்ப வாங்கிக்கொள்கிறான். சாலமோன் என்னை வேலையை விட்டு நிறுத்துகிறார். துர்கா என்னைக் கட்டிக்கொண்டு

கட்டிக்கொள்ள மாட்டாள். நான் வியாழக்கிழமை அவள் காதைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தவள்.

இ) ஹெட்போன் கம்பெனிக்காரன் மனம் திருந்தி

போங்கய்யா.

[நாற்பத்தாறு நிமிடம். தாடைவரை இழுக்கிறது. அவளுக்கு இது ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். போதும்.]

6

கழற்றிய பிறகுதான் கதவை இடிக்கிற சத்தமே கேட்டது.

"எம்மா நேரமா பெல்லடிக்கிறேன், தூங்கிட்டியாக்கா?" உள்ளே வந்த துர்கா மேஜையைப் பார்த்தாள். பிறகு சிவந்து கிடந்த என் காதைப் பார்த்தாள். "இன்னாக்கா, உன்கிட்டயும் இதே கீது?"

வாயைத் திறந்தால் குணா பேசிவிடுவான். நாலு நல்ல வார்த்தையில் பூசி மெழுகிவிடுவான். அதனால் காலையில் எழுதிவைத்த கடிதத்தில், இரண்டாவது முடிவில் சொன்ன வரிகளையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு, இதுவரை எழுதிய தாள்களுக்கு அடியில் செருகி, மொத்தத்தையும் அவளிடம் கொடுத்தேன். "மொதல்ல இதைப் படி. லெட்டர் கடைசியில இருக்கு."

"கதையா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இந்தக் கடைசித் தாளை அவளுக்கு எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முடிவை நான் எழுதப்போவதில்லை. அடுத்தவர் காதுக்கு நான் ஒரு முறை முடிவு எழுதிய லட்சணத்தைத்தான் பார்த்தீர்களே. கடிதத்தை எடுத்துக்கொண்டு நாளை பத்து மணிக்குப் போவாளா, என் முகத்தில் எறிவாளா, இரண்டையும் செய்வாளா, எனக்குத் தெரியாது. நாலாவது பகுதியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கு இன்னும் தெரியாது.

தண்ணி லாரியைப் படித்துச் சிரித்தாள். "வாய்க்காரியா நானு?" என்றாள். இடது காதைக் கையால் தாங்கிக்கொண்டே படிக்கிறாள். மஞ்சள் கோடு வரை வந்துவிட்டாள். கட்டையில போறவன் என்ற இடத்தில் "பின்ன" என்று தலையாட்டினாள். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு தாளைத் திருப்புகிறாள்.